வாசகர் கேள்வி பதில்: சைட்டுல கிடக்கிற குப்பையை ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான். வீடு கட்டிக் கொடுக்கிற சின்ன கம்பெனிக்காரங்க, சைட் இன்ஜினியருங்க, வீடு வாங்கினவங்க, வேலைக்கு போறவங்கன்னு எல்லாரும் மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் இல்லாம எப்படி கட்டுறதுன்னு கேட்டிருக்காங்க. அதனால இந்த இதழ் பூரா அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். அப்பா ஆரம்பிச்ச கட்டுமான கம்பெனியை இப்ப நான் பாத்துக்கறேன், வருஷத்துக்கு எட்டு பத்து தனி வீடு கட்டுறோம். இப்ப வர்ற கஸ்டமருங்க, அதுவும் வெளிநாட்டுல பசங்க இருக்கிற வீட்டுக்காரங்க, "கிரீன் ஹோம் கட்டித் தருவீங்களா"ன்னு கேக்குறாங்க. சர்டிபிகேட் வாங்கணுமா, செங்கல்லை விட்டு வேற கல்லுக்கு மாறணுமா, எதுல ஆரம்பிக்கிறதுன்னே புரியல. சதுர அடி ரேட்டை ஏத்தினா வேலை கைவிட்டுப் போயிடும் சார். (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: தம்பி, சர்டிபிகேட் பத்தி கடைசியில சொல்றேன். முதல்ல இப்ப முடியப்போற ஒரு சைட்டுக்கு போங்க, வீட்டுக்குப் பின்னாடி கொட்டி வச்சிருக்கிற குப்பை மேட்டை டிராக்டர்ல ஏத்துறதுக்கு முன்னாடி நாலு ஆள வச்சு தனித்தனியா பிரிக்கச் சொல்லுங்க. நான் பல வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூர் பக்கம் ஒரு சைட்டுல இப்படி பிரிச்சேன். அரைக்கல்லு கால்கல்லு ஒரு குவியல், பூசும்போது கீழ விழுந்து இறுகிப்போன கலவை ஒரு குவியல், மழையில நனைஞ்சு மூட்டையோட கல்லாப் போன சிமெண்ட் ஒரு அஞ்சாறு, ஒரு அடி ரெண்டு அடி துண்டுக் கம்பி ஒரு சாக்கு. ஒவ்வொண்ணையும் காசு போட்டு கணக்கு பண்ணி முடிச்சப்ப அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ஏன்னா அது அத்தனையும் நான் விலை கொடுத்து வாங்கி, லாரியில கொண்டு வந்து, மறுபடி காசு கொடுத்து தூக்கிப் போடுறது.

பூச்சு வேலையை மட்டும் எடுத்துக்குங்க. உள் செவுத்துக்கு 12 மில்லிமீட்டர் பூசினா போதும். கட்டும்போது தூக்குக் குண்டு சரியா பாக்காம செவுரு ஒரு பக்கம் சாஞ்சிருந்தா, அதை மறைக்க கொத்தனார் பூச்சை ஏத்திக்கிட்டே போவாரு. எலக்ட்ரிகல் பாக்ஸுக்கு வெட்டின இடத்துல விரலை வச்சுப் பாருங்க, பல வீட்டுல ரெண்டு விரல் கனம் பூச்சு இருக்கும். 1000 சதுர அடி செவுத்துல வெறும் 10 மில்லிமீட்டர் கூடுதலா பூசினாலே 1:5 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், அஞ்சு பங்கு மணல்) ஆறு மூட்டை சிமெண்ட்கிட்ட போயிடும். 1200 சதுர அடி வீட்டுல உள்ளயும் வெளியவும் சேத்து பூசுற பரப்பு நாலஞ்சாயிரம் சதுர அடி வந்துடும், அப்ப இருபத்தஞ்சு முப்பது மூட்டை யாருக்கும் பிரயோஜனம் இல்லாம செவுத்துல அப்பிக்கிட்டு நிக்குது. சிமெண்ட்னா சும்மா இல்ல தம்பி, உலகம் பூரா மனுஷன் வெளியேத்துற கரியமில வாயுல ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் தயாரிப்புல இருந்து வருது, அதுலயும் பாதிக்கு மேல சூளை நெருப்புல இருந்து வர்றது கிடையாது, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள்ள இருந்தே வெளிய வர்றது, எந்த எரிபொருளுக்கு மாறினாலும் அது நிக்காது. செவுத்தை நேரா கட்டுறதை விட பெரிய பசுமை வேலை உங்க கம்பெனியில எதுவும் இல்லன்னு நான் மனசாரச் சொல்றேன்.

கம்பியும் இதே கதைதான். வர்ற கம்பி 40 அடி. 11 அடி பீஸா மூணு வெட்டினா 7 அடி மிச்சம், 12 எம்எம் கம்பியில அது கிட்டத்தட்ட 2 கிலோ. அந்த 7 அடி எந்த லிண்டலுக்கு, எந்த எக்ஸ்ட்ரா பாருக்கு போகும்னு வெட்டுறதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதியிருந்தா அது கம்பி, இல்லன்னா பழைய இரும்பு. எந்தக் கம்பியை எவ்ளோ நீளத்துல வெட்டணும், வளைக்கணும்னு போடுற பட்டியலை பார் பெண்டிங் ஷெடியூல்னு படிச்சிருப்பீங்க, படிச்சதோட நிறுத்திட்டு சைட்டுல கம்பி கட்டுறவரு கையில விட்டுடுறோம். ஒரு வீட்டுக்கு அரை நாள் உக்காந்தா போடலாம்.

இப்ப முக்கியமான இடம். ஏன் இப்படி வீணாகுது? நாம லேபர் கான்ட்ராக்டை சதுர அடிக்கு இவ்ளோன்னு பேசுறோம், மெட்டீரியல் நம்மளுது. மேஸ்திரிக்கு வேலை சீக்கிரம் முடியணும், அவ்ளோதான் அவருக்கு லாபம், சிமெண்ட் மூணு மூட்டை கூடுதலா போனா அவருக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. அவரைத் திட்டிப் பிரயோஜனம் கிடையாது, ஏற்பாடே அப்படி. நான் என்ன பண்ணினேன்னா, எஸ்டிமேட்ல வர்ற சிமெண்ட், கம்பி, கல்லு கணக்கை மேஸ்திரிகிட்ட வேலை ஆரம்பிக்கும்போதே காட்டி, அதுக்குள்ள முடிச்சு, தரமும் சரியா இருந்தா மிச்சமானதோட காசுல பாதி உங்க செட்டுக்குன்னு சொல்லிட்டேன். தரத்துல கை வச்சு மிச்சம் பண்ணக்கூடாதுன்னு தூக்குக் குண்டும் மட்டப்பலகையும் நானே எடுத்துக்கிட்டு செக் பண்ணுவேன். மூணாவது வீட்டுக்குள்ள, கீழ விழுற கலவையைப் பிடிக்க செவுத்தோரமா பலகை போடுறதை யாரும் சொல்லாமலே அவங்களே ஆரம்பிச்சுட்டாங்க. சதுர அடி ரேட்டை ஏத்தாம பசுமைக்கு காசு எங்க இருந்து வரும்னு கேட்டீங்கள்ல, இங்க இருந்துதான் தம்பி.

மெட்டீரியல் மாத்துறதுக்கு வருவோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவுல செஞ்சு காட்டின ரேட் டிராப் பாண்டு, அதாவது செங்கல்லை நெட்டுக்குத்தலா நிறுத்தி நடுவுல காலி இடம் விட்டு கட்டுறது, கல்லுல கால்வாசி அளவு மிச்சப்படுத்தும், நடுவுல காத்து நிக்கிறதால சூடும் குறையும். 1917ல இங்கிலாந்துல பொறந்து 2007ல திருவனந்தபுரத்துல இறந்த மனுஷன், ஒரு தலைமுறை இன்ஜினியருக்கே பாடம் சொல்லிட்டு போயிருக்காரு. ஆனா உங்க ஊர் நாட்டுச் செங்கல் அளவு ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது, நெட்டுக்குத்தலா நிறுத்தினா மூலை எல்லாம் ஏறி இறங்கும், அதனால அளவு ஒத்து வர்ற சேம்பர் செங்கல் கிடைச்சா மட்டும் செய்யுங்க, முதல்ல ஒரு காம்பவுண்டு செவுத்துல உங்க கொத்தனாரைப் பழக்குங்க. பைப், ஒயர் எங்க போகுதுன்னு கட்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், கட்டின பிறகு மெஷின் வச்சு வெட்டினா கல்லு உள்ள இடிஞ்சு விழுந்துடும். மண்ணு சரியா இருக்கிற இடத்துல சைட் மண்ணையே அழுத்தி பிளாக்கா அடிக்கிறதுக்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்ல பயிற்சி கொடுக்கிறாங்க, அஞ்சு சதவீதம் போல சிமெண்ட் சேத்தா போதும், சூளையே வேண்டாம். உங்க இன்ஜினியர் ஒருத்தரை அனுப்பி வைங்க.

மணல் விஷயத்துல நீங்க திருச்சிக்காரர், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் மதகுங்க அடிச்சுட்டுப் போனப்ப கரையில நின்னு பாத்த ஜனங்க பேசினது பூரா ஆத்துல மணல் அள்ளினதைப் பத்தித்தான். எம்-சாண்டுக்கே (பாறையை உடைச்சு செய்யிற மணல்) போங்க, ஆனா கழுவினதான்னு பாருங்க. வெறும் கிரஷர் டஸ்டை எம்-சாண்டுன்னு இறக்கிட்டுப் போறாங்க. ஒரு கண்ணாடி டம்ளர்ல மணலைப் போட்டு தண்ணி ஊத்தி கலக்கி வச்சாலே மேல படியிற தூசி எவ்ளோன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுடும், லோடு இறக்குறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.

சூட்டுக்கு: நம்ம ஊர்ல வெயில் அதிகமா இறங்குறது மொட்டைமாடி வழியாத்தான். மேல வெள்ளை நிற கூல் டைல் ஒட்டுறதும், மேற்குப் பக்கம் பெட்ரூமை வைக்காம மாடிப்படி, பாத்ரூம், கப்போர்டு வர்ற மாதிரி பிளான் போடுறதும் ஏசி பில்லுல நேரா தெரியும். வீட்டுச் செவுரு எவ்ளோ சூட்டை உள்ள விடலாம்னு மத்திய அரசோட எரிசக்தி அமைப்பு 2018ல ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித்தொகுப்பே போட்டிருக்கு, அதை உங்க டிசைன் பண்றவரு கையில கொடுங்க. ஐஜிபிசி, கிரிஹான்னு பசுமைக் கட்டடத்துக்குக் கொடுக்கிற சர்டிபிகேட் எல்லாம் நல்லதுதான், ஒரே மாதிரி இருபது முப்பது வீடு வர்ற லேஅவுட்டோ அபார்ட்மென்ட்டோ எடுக்கும்போது போங்க, தனித்தனி வீட்டுக்கு அந்தச் செலவை மொட்டைமாடியில போடுங்க. வெளிநாட்டுல இருந்து கேக்குற பசங்ககிட்ட, போன வீட்டுல எவ்ளோ சிமெண்ட் எஸ்டிமேட், எவ்ளோ ஆச்சு, எவ்ளோ குப்பை போச்சுன்னு ஒரு பக்க கணக்கைக் காட்டுங்க, சர்டிபிகேட்டை விட அவங்க அதைத்தான் நம்புவாங்க.

கேள்வி: சார், நான் கோயமுத்தூர்ல ஒரு பில்டர்கிட்ட சைட் இன்ஜினியரா இருக்கேனுங்க. காங்கிரீட்டுக்கு பி.பி.சி. சிமெண்ட் வாங்கலாம், அதுல சாம்பல் சேக்குறதால கிளிங்கர் (சூளையில சுட்டெடுக்கிற சிமெண்ட் கட்டி) குறையும்னு முதலாளிகிட்ட சொல்லி சம்மதமும் வாங்கிட்டேன். எங்க மேஸ்திரி அண்ணன் "அது ஸ்ட்ராங்கு நிக்காது, சாம்பல் கலக்காத 53 கிரேடு சாதா சிமெண்ட் தான் வேணும்"னு ஒத்தக் கால்ல நிக்கறாருங்க. வயசுல பெரியவரு, எப்படி எடுத்துச் சொல்றதுங்க? (கோவை)

பதில்: இன்ஜினியரம்மா, அவரு சொல்றதுல பாதி நிஜம் இருக்கு, அதை முதல்ல ஒத்துக்கிட்டுப் பேசுங்க. மேட்டூர், தூத்துக்குடி மாதிரி அனல் மின் நிலையங்கள்ல மிஞ்சுற சாம்பல் பி.பி.சி.யில 15ல இருந்து 35 சதவீதம் வரை இருக்கும், அது ஆரம்பத்துல மெதுவாத்தான் இறுகும். காங்கிரீட்டைத் தாங்குற பலகை, முட்டு எல்லாத்தையும், அதாவது சென்ட்ரிங்கை, சீக்கிரம் பிரிக்கணும்கிற அவசரத்துல 53 கிரேடுக்கு எத்தனை நாளோ அதே நாள்ல பிரிச்சு, தண்ணியும் அதே அளவு விட்டுட்டு, கீழ விரிசல் வந்தா சிமெண்ட் மேல பழி போகும். அவரு கண்ணால பாத்தது அதுவாத்தான் இருக்கும்.

சாதா சிமெண்டுக்கே 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதுக்கு மேல 14 நாள் முட்டு நிக்கணும்னு காங்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐ.எஸ். 456 சொல்லுது. பி.பி.சி.ன்னா நான் சின்ன ஸ்லாபுக்கே 14 நாள் விட்டுடுவேன். தண்ணி விடுறதும் சாதா சிமெண்டுக்கு குறைஞ்சது 7 நாள்னா இதுக்கு 10 நாள், வெயில் காலத்துல 14 நாள். முதலாளிகிட்ட ரெண்டு செட் சென்ட்ரிங் சாமான் இருந்தா அவசரம் தானா குறையும், அதைக் கேட்டு வாங்குங்க.

அண்ணன்கிட்ட புத்தகத்தைக் காட்டாதீங்க. அடுத்த காங்கிரீட் அன்னிக்கு அவர் கையாலயே ரெண்டு சிமெண்ட்லயும் கியூப் (லேப்ல உடைச்சு பலம் பாக்குற காங்கிரீட் கட்டி) போடச் சொல்லுங்க, 7, 28, 56 நாளுக்கு உடைக்கிற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் மூணு மூணு, லேபுக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க. 7 நாள்ல பி.பி.சி. கம்மியா காட்டும், அப்பவே "சொன்னேன்ல"ன்னு சொல்லுவாரு, பரவாயில்ல, 56 நாள் வரைக்கும் பொறுமையா இருங்க, மெதுவா இறுகுறது போகப் போகத்தான் எட்டிப் பிடிக்கும்.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். கூடுதல் நாள் தண்ணி விடுறோம்னு ஓஸை தொறந்து விட்டுட்டுப் போயிடக்கூடாது. உங்க சைட் ஓஸ்ல 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்துல நிரம்புதுன்னா ஒரு மணி நேரத்துக்கு 900 லிட்டர். காங்கிரீட் தூண் மேல ஓஸ் அடிச்சா பத்து நிமிஷத்துல வழிஞ்சு மண்ணுக்குப் போயிடுது, மதியத்துக்குள்ள தூண் எலும்பாட்டம் வெளுத்து நிக்குது. ஈரச் சணல் சாக்கை இறுக்கிச் சுத்தி மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் கட்டுங்க, காலையில ஒரு குடம் சாயந்திரம் ஒரு குடம் போதும். ஸ்லாபுக்கு பாத்தி கட்டி ரெண்டு அங்குலம் நிறுத்துங்க, பாத்தி கட்டின கலவையை வாரி எடுத்து கீழ நிரப்பறதுக்கு வச்சுக்கலாம்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் ஒப்படைச்சு மூணு வருஷம் ஆகுது. மழைநீர் சேகரிப்பு இருக்குன்னு பத்திரத்துலயே போட்டிருக்காங்க, ஆனா ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிங்லதான் தண்ணி நிக்குது, டிசம்பர் தாண்டினா லாரித் தண்ணி. என்ன தப்பு நடந்திருக்கும்? (தாம்பரம்)

பதில்: குழியைத் தொறந்து பாருங்கம்மா, பெரும்பாலும் சிமெண்ட் பாலும் பெயின்ட் கழுவின தண்ணியும் இறுகி அடியில ஒரு தட்டாட்டம் படிஞ்சிருக்கும். கட்டும்போதே குழியைத் தோண்டி ஜல்லி கொட்டிட்டு, அப்புறம் ஆறு மாசம் எல்லா அழுக்குத் தண்ணியையும் அதுக்குள்ளேயே விடுறாங்க. ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவி, அடியைச் சுரண்டி, மறுபடி போடுங்க. களிமண்ணா இருந்தா குழி மட்டும் உதவாது, உள்ள ஒரு சின்ன போர் போட்டு கீழ இருக்கிற மணல் அடுக்கு வரைக்கும் கொண்டு போகணும்.

2003லயே தமிழ்நாடு பூரா எல்லா கட்டடத்துக்கும் இதைக் கட்டாயமாக்கினாங்க, அன்னிக்கு நாடே நம்மளைப் பாத்துது. 1000 சதுர அடி மாடியில சென்னையோட வருஷ மழை 1400 மில்லிமீட்டர்னு வச்சா 1,30,000 லிட்டர் விழுது. ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி குழியில ஒரு டேங்கர் தண்ணியை ஊத்தி எவ்ளோ நேரத்துல இறங்குதுன்னு வாங்குறவங்க முன்னாடியே காட்டுற கம்பெனிதான் உண்மையா இந்த வேலையைச் செஞ்ச கம்பெனி. இதைப் படிக்கிற பில்டருங்க எல்லாரும் தயவுசெஞ்சு சாவி கொடுக்கிற அன்னிக்கு இதையும் ஒரு சடங்கா வச்சுக்குங்க.

கேள்வி: பழைய வீட்டை இடிச்சுட்டு கட்டித் தர்ற வேலைதான் எங்களுக்கு அதிகம். இடிச்ச மண்ணைக் கண்மாய்ல கொட்டிட்டு வர்றாங்க, எனக்கு மனசு ஒப்பல. வேற வழி இருக்கா? (மதுரை)

பதில்: ஒப்பாமத்தான் இருக்கணும் சார், கண்மாய்ல ஒரு லோடு கொட்டினா அந்த அளவு தண்ணிக்கு இடம் போச்சு. 2016ல வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள்லயே பிரிச்சு வைக்கிறதும், சொல்லுற இடத்துல கொண்டுபோய்ச் சேக்குறதும் கழிவு உண்டாக்குறவரோட பொறுப்புன்னும், மாசம் 300 டன்னுக்கு மேல வந்தா முன்கூட்டியே திட்டம் கொடுத்து அனுமதியும் வாங்கணும்னும் எழுதியிருந்தது. ஜேசிபியை விடுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஆள் வச்சுப் பிரிங்க. மதுரை பழைய வீடுங்கள்ல தேக்கு நிலை, ஜன்னல், கல் தூண், ஆத்தங்குடி கல்லு எல்லாம் இருக்கும், அதுக்கு வாங்குற ஆளே இருக்காங்க. சுண்ணாம்புக் கலவையில கட்டின செங்கல் சுத்தியால தட்டினா முழுசா வந்துடும், சிமெண்ட்ல கட்டினது வராது. உடைஞ்ச கல்லு பேஸ்மட்டம் நிரப்பறதுக்கு, இன்னும் சின்னதா உடைச்சா தரைக்கு அடியில போடுற காங்கிரீட்டுக்கு. மிச்சம் இருக்கிறதுக்கு மாநகராட்சியில எழுதிக் கொடுத்து இடம் கேளுங்க. டிராக்டர்காரருக்கு கொட்டின இடத்துல போட்டோ எடுத்து அனுப்பினாத்தான் வாடகைன்னு சொல்லிடுங்க.

கேள்வி: சோலாருக்கு பில்டர் என்ன செஞ்சு வைக்கணும்? (திருநெல்வேலி)

பதில்: பேனல் நீங்க போட வேண்டாம், இடம் விட்டு வச்சா போதும். 2024ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வீட்டுக்காரருக்கே நேரா வருது. பிரச்சினை தண்ணித் தொட்டியிலதான். வாஸ்துபடி தொட்டி கன்னி மூலைக்குத்தான் போகும், மதியத்துக்கு மேல அதோட நிழல் கிழக்கால சாஞ்சு பேனல் மேல விழும். வாஸ்துவை மாத்தச் சொல்லி வீட்டுக்காரரோட மல்லுக்கட்ட வேண்டாம், படிக்கட்டு ரூம் மேல தெற்கு பாத்த மாதிரி இடம் ஒதுக்குங்க, இல்லன்னா ஸ்டாண்டை உயரமாப் போட நாலு இடத்துல கம்பி விட்டு வைங்க. மேல இருந்து மீட்டர் வரைக்கும் ஒரு காலி பைப்பும் உள்ள விட்டுடுங்க.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரரு கொத்தனாரு, நான் சித்தாள் வேலைக்குப் போறேன். என் மக படிச்சுக் காட்டித்தான் உங்க பக்கத்தைக் கேக்கேன். மரத்தைக் காப்பாத்தணும் தண்ணியைக் காப்பாத்தணும்னு எழுதுறீங்க, நல்லதுதான். ஆனா சைட்டுல எங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாது. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டு வேலை பாக்குறோம். இதையும் எழுதுவீங்களா? (சேலம்)

பதில்: எழுதுறேன்மா. இத்தனை நாள் எழுதாம விட்டது என் தப்பு. கட்டடம் முடியிறதுக்குள்ள அதைக் கட்டுறவங்களுக்கு சிறுநீரகக் கோளாறு வருதுன்னா அந்த வீட்டுக்கு என்ன பசுமைப் பேரு வச்சாலும் தகாது. சைட்டுல குடிதண்ணியும் கழிப்பறையும் இருக்கணும்னு 1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்துலயே எழுதியிருந்தது, சின்ன சைட்டுங்கள்ல யாரும் கண்டுக்கறதில்ல.

கம்பெனி நடத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். செப்டிக் டேங்க் எப்படியும் கட்டத்தான் போறீங்க, அதைக் கடைசியில கட்டாம முதல்லயே கட்டிடுங்க. மேல தகர ஷீட்டுல ஒரு கழிப்பறை, உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு டிரம் தண்ணி, ஒரு மக்கு. வேலை முடிஞ்சதும் ஷீட்டைக் கழட்டி அடுத்த சைட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், ஒரே ஷீட் பல வீட்டுக்கு வரும்.

உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு இருக்கான்னு பாருங்கம்மா. 18ல இருந்து 60 வயசுக்குள்ள இருக்கிற யாரும் பதியலாம், பிள்ளைங்க படிப்புக்கு உதவி, விபத்துக்கு இழப்பீடு, 60க்கு அப்புறம் பென்ஷன் எல்லாம் அதுல வருது. மகளை ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூணையும் எடுத்துக்கிட்டு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லுங்க. கட்டட வேலைதான் பாக்குறீங்கன்னு சான்று கேப்பாங்க, அதுக்கு உங்க மேஸ்திரியையோ இன்ஜினியரையோ தயங்காம கேளுங்க. பதிஞ்ச பிறகு புதுப்பிக்கிற தேதியை காலண்டர்ல குறிச்சு வச்சுக்கச் சொல்லுங்க, புதுப்பிக்காம விட்டதால உதவி கிடைக்காமப் போன ரெண்டு குடும்பம் எனக்கே தெரியும்.